ஆமைக் கூட்டைக் கண்டுபிடிக்க நாயைப் பழக்கலாமா?

கடலூர் பக்கம் தாழங்குடாவிலிருந்து ஓர் இளைஞர் கேட்டிருக்கிறார்: "தை முதல் பங்குனி வரை வனத்துறை ஆட்களோடு சேர்ந்து நண்பர்கள் நாங்கள் இரவில் கடற்கரையில் நடக்கிறோம். பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) முட்டையிட்ட இடத்தை நாங்கள் கண்டுபிடிப்பதற்குள் சில நாட்களில் தெருநாய்கள் தோண்டித் தின்றுவிடுகின்றன. வெளிநாடுகளில் வனவிலங்குக் கணக்கெடுப்புக்கே மோப்ப நாய்களைப் பயன்படுத்துகிறார்களாம். என்னிடம் இரண்டு வயது லாப்ரடார் இருக்கிறது, பெயர் மணி. அவனைப் பழக்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது? அனுமதி வேண்டுமா?"

முடியும். ஆனால் இந்த சீசனில் மணியைக் கூடு தேடக் கூட்டிப் போகாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் யோசனைக்கு நல்ல முன்னோடி இருக்கிறது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் பாட்ரே தீவில் கெம்ப் ரிட்லி ஆமைகள் முட்டையிடுகின்றன. நம் பங்குனி ஆமைக்கு மிக நெருங்கிய சொந்தம் அது. இரண்டுமே உடல் எடை குறைந்த ஆமைகள் என்பதால் மணலில் ஆழமாகத் தடம் பதியாது. போதாக்குறைக்கு கெம்ப் ரிட்லி காற்று பலமாக அடிக்கும் நாளாகப் பார்த்துக் கரையேறும். கொஞ்ச நேரத்தில் தடம் அழிந்துவிடும். அங்கே ஆமைப் பாதுகாப்புப் பணியை நடத்திவந்த டோனா ஷேவர், 'ரிட்லி ரேஞ்சர்' என்ற தன் கேர்ன் டெரியர் நாயைப் பழக்கி, கண்ணுக்குத் தப்பிய கூடுகளை மோப்பத்தில் தேட வைத்தார். முழங்கால் உயரம்கூட இல்லாத சின்ன நாய் அது. புளோரிடாவிலும் இதைச் செய்திருக்கிறார்கள். முட்டையோடு சேர்ந்து ஆமையின் உடலிலிருந்து வழவழப்பாக ஒரு திரவம் வரும், அதன் மணத்தை வைத்து அங்கே நாய்க்குப் பயிற்சி கொடுத்தார்கள்.

இந்தியாவில் 2008 முதல், வனவிலங்கு வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பின் உதவியோடு வனத்துறைகளுக்கு மோப்ப நாய்கள் பழக்கப்படுகின்றன. குவாலியர் பக்கம் டேகன்பூரில் உள்ள எல்லைப் பாதுகாப்புப் படையின் நாய்ப் பயிற்சி மையத்தில் பல அணிகள் தேறியிருக்கின்றன. ஆனால் அவை புலித்தோல், எலும்பு போன்ற கடத்தல் பொருட்களைப் பிடிக்கும் நாய்கள். கணக்கெடுப்பு நாய்க்கு வேண்டிய பழக்கமே வேறு. கடத்தல் நாய் ஒரு பெட்டியை மோந்து 'இருக்கிறது' என்று காட்டினால் வேலை முடிந்தது. கணக்கெடுப்பில் 'இங்கே இல்லை' என்று நாய் சொல்வதையும் நாம் நம்பியாக வேண்டும். அந்த நம்பிக்கை பயிற்சியால் மட்டும் வராது, சோதனை வைத்துத்தான் வரும்.

உங்கள் கடற்கரையில் நாயால் உண்மையில் என்ன கூடுதல் பலன் என்று பார்ப்போம். நல்ல தடம் இருந்தால் நாய் தேவையே இல்லை. நடந்து பழகிய கண் போதும். சிக்கல் தடம் முடியும் இடத்தில்தான் தொடங்குகிறது. ஆமை முட்டையிட்டு முடித்ததும் உடம்பை இரண்டு பக்கமும் ஆட்டி ஆட்டி மணலைத் தட்டி இறுக்கும். பிறகு துடுப்பால் மணலை வாரி நாலாபக்கமும் இறைக்கும். கலைந்த மணல் பாய் விரித்த அகலத்துக்குக் கிடக்கும், முட்டைக் குழியின் வாயோ ஒரு சாண் அளவுதான். நீங்கள் கம்பியைக் குத்திப் பார்த்து, மணல் 'பொதுக்'கென்று உள்வாங்கும் இடத்தைத் தேடுவீர்கள். அனுபவப்பட்ட கைக்கு இது வரும். புதுக் கை கொஞ்சம் அழுத்திவிட்டால் மேலடுக்கு முட்டைகள் உடையும். உடைந்த முட்டையின் வாடைக்கு எறும்பும் நண்டும் வந்து மற்றவற்றையும் கெடுக்கும். நன்றாகப் பழகிய நாய் குழியின் வாய்க்கு நேராகப் போய் உட்காரும். கம்பிக்கே வேலை இல்லை. எனக்குத் தெரிந்து நாயின் மிகப் பெரிய பலன் இதுதான்.

இரண்டாவது பலன், முட்டையிடாமலே திரும்பிப் போன ஆமையின் தடம். அதில் தோண்டித் தோண்டி ஒரு மணி நேரம் வீணாகியிருக்கும் உங்களுக்கு. நாய் அதை நிமிடங்களில் தீர்த்துவைக்கும்.

ஆனால் நேரத்தை மறக்கக் கூடாது. குஞ்சு பொரிப்பகத்துக்கு மாற்றுவதாக இருந்தால் முட்டைகளை இட்ட சில மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு கரு ஓட்டின் உள்பக்கம் மேலாக ஒட்டிக்கொள்ளும், புரண்டால் செத்துவிடும். ஆகவே காலை ஒன்பது மணிக்கு நாயைக் கூட்டிப் போய்க் கூடு கண்டுபிடிப்பதில் அர்த்தம் குறைவு. இரவு நடையின் கடைசிச் சுற்று, விடிவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம், இதுதான் மணியின் நேரம். வெயில் ஏறினால் நாய் வாயைத் திறந்து இளைக்கத் தொடங்கும். இளைக்கும் நாய்க்கு மோப்பம் பாதிதான்.

அந்த நேரத்துக் காற்றும் உங்களுக்கு உதவும். விடியற்காலையில் பெரும்பாலும் கரைக்காற்று கடல் பக்கம் வீசும். கூடு இருப்பதோ அலை ஏறாத மேட்டு மணலில். எனவே மேட்டில் நடக்காமல், ஈர மணல் ஓரமாக நாயை நடத்துங்கள். வாடை தானாக அதன் மூக்குக்கு வரும். காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க, முகப்பவுடர் டப்பாவை லேசாக ஒரு முறை அமுக்கினால் போதும். நாய் தலையைத் திருப்பி, மூக்கை உயர்த்தி, நடையை மாற்றும் அந்த நொடியைக் கவனிப்பதுதான் கூட்டிப் போகிறவரின் முழு வேலை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சாமுவேல் வாசர் குழுவில் டக்கர் என்ற நாய் படகில் நின்றபடி கடலில் மிதக்கும் ஓர்க்கா திமிங்கலத்தின் கழிவைக் கண்டுபிடித்தது. நாய் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துத்தான் படகையே திருப்பினார்கள்.

இனி மணி. லாப்ரடார் என்பதால் தகுதி வந்துவிடாது. பந்தைப் புதரில் எறிந்தால் அரை மணி நேரமானாலும் விடாமல் தேடுகிறானா? சாப்பாட்டை நீட்டினாலும் பந்தையே பார்க்கிறானா? அப்படியென்றால் சரி. அமெரிக்காவில் இந்த வேலைக்கான நாய்களைக் காப்பகங்களிலிருந்தும் எடுக்கிறார்கள். வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாது என்று கைவிடப்பட்ட, விளையாட்டு வெறி பிடித்த நாய்கள் அவை. சிப்பிப்பாறை, கோம்பை போன்றவற்றை நான் இதற்குச் சொல்ல மாட்டேன். ஓடுவதைக் கண்டால் துரத்தும் சுபாவம் அவற்றுக்கு அதிகம். முட்டையிட்டுக்கொண்டிருக்கும் ஆமைக்குப் பக்கத்தில் அது ஆபத்து. எந்த நாயானாலும் கயிறு கையில் இருக்க வேண்டும், வாய்க்கூடும் பழக்கியிருக்க வேண்டும். 1890களில் நியூசிலாந்தில் ரிச்சர்ட் ஹென்றி, ககாபோ கிளிகளைத் தேடிப் பிடிக்க நாயைக் கூட்டிப் போனபோதே அதன் வாயைக் கட்டித்தான் கூட்டிப் போனார்.

பயிற்சியில் பெரும்பாலானோர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஆமைக் கூட்டின் மணம் உள்ள மணலை டப்பாவில் போட்டு, குழி தோண்டிப் புதைத்து, 'தேடு' என்பார்கள். நாயும் உடனே கண்டுபிடிக்கும். அது கண்டுபிடித்தது ஆமையின் மணத்தையா, புதிதாகத் தோண்டிய மணலின் வாடையையா, உங்கள் கை வாடையையா? அதனால் ஒரு மணக் குழிக்கு நாலைந்து வெற்றுக் குழிகள் வேண்டும்; எல்லாமே ஒரே ஆள், ஒரே கையுறையோடு தோண்டியவையாக. ஆமை முட்டையிடாமல் திரும்பிய தடத்து மணலையும் வெற்றுக் குழிகளில் போடுங்கள். இல்லாவிட்டால் ஆமை வந்துபோன இடத்திலெல்லாம் மணி உட்கார்ந்துவிடுவான். கண்டுபிடித்ததும் அவன் செய்ய வேண்டியது உட்காருவது மட்டுமே. காலால் ஒரு முறை பறண்டினாலும் பந்து கிடையாது. இதில் தாட்சண்யம் பார்க்கவே கூடாது. தோண்டக் கற்றுக்கொண்ட நாயைக் கடற்கரையில் விட்டால், கரையில் இன்னொரு தெருநாயை நாமே சேர்த்த கதையாகிவிடும்.

அப்புறம் சோதனை. குழி எங்கே என்று உங்களுக்கே தெரியக் கூடாது. தெரிந்தால் உங்கள் நடை அந்த இடத்தில் மெதுவாகும், நாய் அதைப் படித்துவிடும். நண்பர் புதைக்கட்டும், தூரத்திலிருந்து குறிக்கட்டும். அடுத்த சீசனில், ஆமை முட்டையிட்டதை நேரில் பார்த்தவர்கள் ஒதுங்கி நிற்க, ஒன்றும் தெரியாத நீங்கள் மணியோடு வாருங்கள். பத்துக் கூட்டில் ஏழைக் காட்டினான் என்றால் மூன்றை விட்டான் என்று அர்த்தம். அவன் காட்டியதை மட்டும் எண்ணி 'இந்த ஆண்டு இத்தனை கூடு' என்று எழுதினால் அந்தக் கணக்கு தப்பு. நடந்த தூரம், நேரம், காற்று, ஒன்றும் கிடைக்காத இரவுகள் எல்லாமே பதிவில் இருக்க வேண்டும். போனில் நடந்த பாதையைப் பதிவு செய்துகொள்வது சுலபம்.

அனுமதி கட்டாயம். பங்குனி ஆமை 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. முட்டை மட்டுமல்ல, பொரித்த பின் கிடக்கும் ஓட்டையும் பயிற்சிக்கு என்று வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். கடலூர் வன அலுவலகம் வழியாகத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு விண்ணப்பியுங்கள். வடக்கே மூர்த்திக்குப்பம், நரம்பை பக்கம் போனால் அது புதுச்சேரி வனத்துறையின் எல்லை, அங்கே தனி அனுமதி. பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தின் ஆய்வாளர் ஒருவரும் சேர்ந்துகொண்டால் விண்ணப்பத்துக்கு வலு கூடும், சோதனையும் ஒழுங்காக நடக்கும். மணிக்கு வெறிநாய்க்கடி, டிஸ்டெம்பர், பார்வோ தடுப்பூசிகள் போட்ட சான்றையும் இணையுங்கள்.

தெருநாய்ப் பிரச்சினையை மணி தீர்க்க மாட்டான். மாற்ற முடியாத கூட்டின் மேல், குஞ்சு வெளியேறும் அளவு கண்ணியுள்ள கம்பிவலையை விரித்து ஓரத்தை மணலில் புதைப்பது, கழிவு மீனைக் கரையில் கொட்டாமல் பார்ப்பது, நாய்களுக்குக் கருத்தடை செய்ய ஊராட்சியிடம் கேட்பது ஆகியவைதான் அதற்கு வழி. இவற்றை இந்த சீசனிலேயே தொடங்கலாம். மணிக்குக் கீழ்ப்படிதலும், உட்கார்ந்து காட்டும் பழக்கமும் வீட்டு முற்றத்தில் நடக்கட்டும். பழைய டீத்தூளை வைத்தே அதைச் சொல்லிக்கொடுக்கலாம். விண்ணப்பம் ஆடிக்குள் போய்விட்டால், அனுமதி கிடைத்த பின் மார்கழிக்குள் வெற்றுக் குழிச் சோதனையை முடிக்க நேரம் இருக்கும்.