வீட்டில் வரும் மார்க் தேர்வறையில் ஏன் வருவதில்லை?

கேள்வி: வேலைக்கான போட்டித் தேர்வு ஒன்றுக்கு இரண்டு வருடமாகப் படிக்கிறேன். 100 கேள்வி, 2 மணி நேரம், தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மார்க் குறையும். வீட்டில் எழுதும் மாதிரித் தேர்வுகளில் 75க்குக் கீழே போனதில்லை. உண்மையான தேர்வில் இரண்டு முறையும் 60ஐத் தாண்டவில்லை. போன தடவை முந்தின நாள் இரவு இரண்டு மணி வரை ரிவிஷன் செய்தேன். காலையில் ஆறாவது கேள்வியிலேயே மாட்டிக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தால் பத்து நிமிடம் போயிருந்தது. அப்புறம் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. கடைசி 11 கேள்விகளைப் பார்க்கவே நேரமில்லை. அடுத்த தேர்வுக்கு நான்கு வாரம் இருக்கிறது. தேர்வு நாளில் மட்டும் எனக்கு என்னதான் ஆகிறது? சந்தேகமான கேள்விகளுக்கு விடை போடலாமா, விட்டுவிடலாமா? முதலில் தோன்றிய விடையை மாற்றவே கூடாது என்கிறார்களே, அது சரியா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வீட்டில் மாதிரித் தேர்வை எப்படி எழுதுகிறீர்கள் என்பதை மட்டும் நீங்கள் சொல்லவில்லை. நானே ஊகிக்கிறேன். எல்லோரும் தூங்கிய பிறகு உட்காருகிறீர்கள். நடுவில் போன் வந்தால் எடுக்கிறீர்கள். போன நேரத்துக்கு ஈடாகக் கடைசியில் ஐந்து நிமிடம் சேர்த்துக்கொள்கிறீர்கள். ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் நிரப்பாமல் கேள்வித்தாளிலேயே டிக் அடிக்கிறீர்கள். திருத்தும்போது, 'இது எனக்குத் தெரிந்ததுதானே, அவசரத்தில் மாற்றிப் போட்டுவிட்டேன்' என்று இரண்டு மூன்றைச் சரிக் கணக்கில் சேர்த்துவிடுகிறீர்கள். இதில் பாதி உண்மையாக இருந்தாலும் அந்த 75ஐ நம்ப முடியாது. தேர்வு நாளில் உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டில் நீங்கள் எழுதிக்கொண்டிருப்பது வேறு ஒரு தேர்வு.

பாடம் தெரிந்திருப்பது ஒரு திறமை. கடிகாரம் ஓடும்போது எதைத் தொடுவது, எதை விடுவது என்று முடிவெடுத்துக்கொண்டே போவது இன்னொரு திறமை. முதலாவதுக்கு இரண்டு வருடம் கொடுத்திருக்கிறீர்கள். இரண்டாவதைத் தேர்வறையில் போய்த்தான் முதன்முதலாகச் செய்து பார்க்கிறீர்கள். அதனால் இந்த நான்கு வாரத்தில் புதுப் பாடம் எதையும் எடுக்காதீர்கள். வாரத்துக்கு இரண்டு முழுத் தேர்வு எழுதினால் போதும். உண்மையான தேர்வு காலை 10 மணிக்கு என்றால் இதுவும் 10 மணிக்கு. போன் வேறு அறையில். வட்டத்தை நிரப்பித்தான் விடை. நடுவில் எழுந்திருக்கக் கூடாது. மார்க் 65க்கு இறங்கினால் இறங்கட்டும், அந்த எண்தான் நமக்கு வேண்டும்.

மறுநாள் தவறுகளைப் பிரித்துப் பாருங்கள். உண்மையிலேயே தெரியாதவை எத்தனை? தெரிந்தும் கேள்வியைத் தவறாகப் படித்ததால் போனவை எத்தனை? ('பின்வருவனவற்றுள் எது தவறு' என்பதை 'எது சரி' என்று படித்துவிட்டு முதல் ஆப்ஷனையே போட்டுவிட்டு வருகிறவர்களுக்குக் கணக்கே இல்லை.) நேரம் போதாமல் விட்டவை எத்தனை? உங்கள் விஷயத்தில் பின்னவை இரண்டும்தான் கூடுதலாக இருக்கும் என்பது என் சந்தேகம். அப்படியென்றால் இன்னும் நான்கு புத்தகம் படித்தாலும் இதே மார்க்தான் வரும்.

சரி, ஆறாவது கேள்விக்கு வருவோம். 120 நிமிடத்தில் 100 கேள்வி என்றால் ஒரு கேள்விக்கு 72 வினாடி. பத்து நிமிடம் என்பது எட்டுக் கேள்விக்கான நேரம். அவ்வளவையும் விழுங்கிய அந்தக் கேள்விக்கும் ஒரே ஒரு மார்க்தான். பார்க்காமலே விட்ட 11ல் சுலபமானவை எத்தனை இருந்தனவோ! நன்றாகப் படித்தவர்கள்தான் இப்படி மாட்டுகிறார்கள். படிக்காதவர் 'தெரியாது' என்று தாண்டிப் போய்விடுவார். 'இது நான் படித்ததாச்சே' என்று நினைக்கிறவரால் அதை விட முடியாது. அது அறிவுப் பிரச்சினை இல்லை, ரோஷம்.

எப்போது விடுவது என்பதை அறைக்குள் போய் முடிவு செய்யலாம் என்று இருந்தால் ரோஷம்தான் ஜெயிக்கும். விதியை இன்றைக்கே எழுதி வையுங்கள். முதல் சுற்றில், கேள்வியைப் படித்ததும் வழி தெரிந்தால் போட்டுவிடுங்கள். வழி தெரிகிறது, ஆனால் இழுக்கும் என்றால் கேள்வித்தாளில் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு நகருங்கள். ஒன்றுமே பிடிபடவில்லையா, குறுக்கே ஒரு கோடு. எப்படியும் 70 நிமிடத்துக்குள் 100வது கேள்வி வரை கண்ணால் பார்த்திருக்க வேண்டும். அடுத்த சுற்றில் வட்டம் போட்டவை மட்டும். முதலில் பிடிகொடுக்காத சில கேள்விகள் திரும்பி வரும்போது தானாகவே வழிவிடும். வேறு கேள்வியில் பார்த்த ஒரு சொல்லே நினைவைத் தட்டிவிடும்.

இந்த முறையில் ஓர் ஆபத்தும் உண்டு. 23ஐ விட்டுவிட்டு 24க்கான விடையை 23வது வரிசையில் நிரப்பினால் அதற்குப் பிறகு வரும் எல்லாமே ஒரு வரிசை இடறும். விட்ட ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் எண்ணைப் பார்த்துவிட்டு நிரப்புங்கள். எல்லா வட்டங்களையும் கடைசியில் சேர்த்து நிரப்புவது கூடவே கூடாது.

சந்தேகமான கேள்விகளுக்கு வெறும் கணக்கே பதில் சொல்லிவிடும். நான்கு ஆப்ஷன் உள்ள 12 கேள்விகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடை போட்டால் சராசரியாக 3 சரி, 9 தவறு. 3 மார்க் வரும், 3 மார்க் போகும். லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. இரண்டு ஆப்ஷனை நிச்சயமாக ஒதுக்க முடிந்தால் அதே 12ல் 6 சரி, 6 தவறு; 6ல் 2 போய் 4 மார்க் மிச்சம். ஒன்றை மட்டும் ஒதுக்க முடிந்தாலும் ஒன்றேகால் மார்க்குக்குக் கொஞ்சம் மேலேயே நிற்கும். ஆக, ஓர் ஆப்ஷனையாவது காரணத்தோடு ஒதுக்க முடிந்தால் போடுங்கள். எதையும் ஒதுக்க முடியாததில் நேரத்தையும் செலவழிக்காதீர்கள். நெகட்டிவ் மார்க் இல்லாத தேர்வு என்றால் காலியாக விடுவதற்குக் காரணமே கிடையாது.

முதல் விடையை மாற்றக் கூடாது என்பது பலரும் சொல்வதுதான். ஆனால் உண்மை வேறு. உளவியலாளர் ஜஸ்டின் க்ரூகர் முதலானோர் 2005ல் வெளியிட்ட ஆய்வில், இல்லினாய் பல்கலைக்கழக மாணவர்களின் விடைத்தாள்களில் அழித்து மாற்றிய இடங்களை எண்ணிப் பார்த்தார்கள். தவறிலிருந்து சரிக்கு மாறியவை 51 சதவீதம். சரியிலிருந்து தவறுக்குப் போனவை 25 சதவீதம்தான். பிறகு ஏன் எல்லோரும் அப்படி நம்புகிறார்கள்? சரியாக இருந்ததைக் கெடுத்துக்கொண்டது ரொம்ப நாள் உறுத்தும். மாற்றியதால் கிடைத்த மார்க் மறந்துபோகும். எனவே கேள்வியைத் தவறாகப் படித்தது தெரிந்தாலோ, புதிதாக ஒன்று நினைவுக்கு வந்தாலோ தைரியமாக மாற்றுங்கள். மணி அடிக்கப் போகிறதே என்ற பதற்றத்தில் மட்டும் மாற்றாதீர்கள். விடைத்தாளில் அழிக்கவே அனுமதி இல்லை என்றால், வட்டத்தை நிரப்புவதற்கு முன்பே யோசித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இரவு இரண்டு மணி ரிவிஷனைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. படித்தது மனதில் நிலைப்பது தூக்கத்தில்தான். தூக்கம் குறைந்தால் முதலில் அடிவாங்குவது கவனம், அதாவது அந்த 'எது தவறு' கேள்விகள். தவிர, புரட்டிப் புரட்டிப் படிப்பது ஏமாற்றும். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006ல் வெளியிட்ட சோதனையில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். கடைசி வாரத்தில் நீங்களும் அப்படியே எழுதிப் பாருங்கள். அந்த வாரம் முழுக்கத் தேர்வு நாளில் எழ வேண்டிய நேரத்துக்கே எழுந்து பழகுங்கள். முந்தின இரவு தூக்கம் வராவிட்டாலும் பயப்பட வேண்டாம். அதற்கு முந்தின நாட்களில் ஒழுங்காகத் தூங்கியிருந்தால் ஒரு ராத்திரி சமாளித்துவிடலாம்.

கை நடுங்குவதை நிறுத்தப் போராடாதீர்கள். 'பதறாதே, பதறாதே' என்று சொல்லிக்கொண்டிருந்தால் கவனம் பதற்றத்தின் மேலேயே போய் உட்கார்ந்துவிடும். ஹார்வர்டில் அலிசன் வுட் புரூக்ஸ் செய்து 2014ல் வெளியான சோதனைகளில், கணக்குத் தேர்வுக்கு முன் 'அமைதியாக இரு' என்று சொல்லப்பட்டவர்களைவிட 'உற்சாகமாக இரு' என்று சொல்லப்பட்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். இதயம் படபடப்பது இரண்டிலும் ஒன்றுதான். அதற்கு என்ன பெயர் வைக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். நடுக்கம் வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாக மூச்சை இரண்டு மூன்று தடவை வெளியே விட்டு, கண்டிப்பாகத் தெரிந்த ஒரு கேள்வியைத் தேடிப் போடுங்கள். இதையும் மாதிரித் தேர்விலேயே பழகிவிடுங்கள்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். நுழைவுச்சீட்டில் போட்டிருக்கும் நேரம் தேர்வு தொடங்கும் நேரமா, வாயில் கதவை மூடும் நேரமா என்று இப்போதே பாருங்கள். அடையாள அட்டையில் அசலா நகலா எது வேண்டும், எந்த நிறப் பேனா, கைக்கடிகாரத்துக்கு அனுமதி உண்டா என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். கடிகாரம் கூடாது என்றால் வீட்டில் எழுதும் தேர்வுகளிலும் கழற்றி வைத்துவிடுங்கள்.