கழுத்துக் காலருக்கு முன் மடிக்கணினியின் உயரத்தைக் கவனியுங்கள்

வணக்கம். வரிக்கணக்கு வேலைக்காக நாள் முழுவதும் மடிக்கணினியின் முன் அமர்ந்திருப்பதாகவும், எட்டு மாதமாகக் கழுத்தும் மேல்முதுகும் வலிப்பதாகவும், எக்ஸ்ரேயில் கழுத்தெலும்புத் தேய்மானம் என்று வந்ததிலிருந்து கழுத்தைத் தாங்கும் காலர் பட்டை அணிவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த அறிக்கையைக் கண்டு அஞ்ச வேண்டாம்; நாற்பதைக் கடந்தவர்களில் வலியே இல்லாத பலருக்கும் அதே தேய்மானம் தெரியும். காலரை மாதக்கணக்கில் அணிந்தால் கழுத்துத் தசைகள் வலுவிழக்கும் என்பதால், அதை எப்போது கழற்றலாம் என்று உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள்.

மடிக்கணினியில் திரையும் கீபோர்டும் ஒட்டியே இருப்பதால், கைக்கு வசதியாக வைத்தால் கழுத்து குனிகிறது. கண்ணுக்கு வசதியாக வைத்தால் தோள் தூக்கிக்கொள்கிறது. எனவே தடித்த புத்தகங்களை அடுக்கித் திரையின் மேல்விளிம்பைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, தனி கீபோர்டையும் மவுஸையும், முழங்கை உடலை ஒட்டியிருக்கும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் விலை கேட்டிருக்கும் நாற்காலியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். (கைப்பேசியைத் தோளில் இடுக்கிப் பேசும் பழக்கம் கணக்கர்கள் பலருக்கு உண்டு, உங்களுக்கும் இருந்தால் இன்றே விடுங்கள்.)

அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடந்துவிட்டு, தலையைக் குனியாமல் முகவாயை நேராகப் பின்னுக்கு இழுத்து 5 விநாடி நிறுத்தும் பயிற்சியைச் சில முறை செய்யுங்கள். கை மரத்துப்போதல், சட்டைப் பித்தான் போட விரல்கள் தடுமாறுதல், நடை தள்ளாடுதல், சிறுநீரை அடக்க முடியாமை ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும், பயிற்சியை நிறுத்திவிட்டுத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.