புத்தக மூலையில் இன்னொருவருக்கும் இடம் வேண்டும்

வீட்டில் குழந்தைகளுக்கு வாசிக்கும் இடம் அமைப்பது பற்றி வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு, நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் பல வருடம் வேலை பார்த்த அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஏழு வயது மகனுக்காக அறை மூலையில் துணிக் கூடாரம் போட்டு, விளக்குத் தோரணம் கட்டி, புத்தகங்களை அடுக்கி வைத்தோம். அவன் அங்கே போவதே இல்லை. சமையலறை வாசலில் உட்கார்ந்துதான் படிக்கிறான். எங்கே தவறு?

தவறு எதுவும் இல்லை அம்மா. உங்கள் மகன் தனக்கு வேண்டிய இடத்தைத் தானே கண்டுபிடித்துக்கொண்டான். நீங்கள் இருக்கும் இடம்தான் அது. நூலகத்திலும் இதைத்தான் பார்த்திருக்கிறேன். ஓரமாகப் போட்ட வண்ண நாற்காலிகள் காலியாகக் கிடக்கும், என் மேஜையை ஒட்டிய தரையில் நாலைந்து பிள்ளைகள் குப்புறப் படுத்துப் படித்துக்கொண்டிருப்பார்கள். அந்த வயதில் தெரியாத சொல் வந்தால் உடனே கேட்க ஆள் வேண்டும். படத்தைப் பார்த்துச் சிரிப்பு வந்தால் அதைக் காட்டவும் ஆள் வேண்டும். கூடாரத்துக்குள் அவனுக்கு அது கிடைக்கவில்லை.

ஆனால் சமையலறை வாசல் வேண்டாம். சூடான பாத்திரத்தோடு நடமாடும் வழி அது. உங்கள் முகம் தெரிகிற, நீங்கள் பேசினால் காதில் விழுகிற ஒரு சுவரோரத்தைப் பாருங்கள். தரையில் தடிமனான மெத்தை, முதுகுக்குத் தலையணை, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கூடையில் புத்தகங்கள். இவ்வளவு போதும். ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்வேன்: மெத்தை இரண்டு பேர் உட்காரும் அகலத்தில் இருக்கட்டும். ஒரு குழந்தைக்கு மட்டும் அளவெடுத்துச் செய்த இடத்தில் பெரியவர் குந்திக்கொண்டு எவ்வளவு நேரம் கதை வாசிக்க முடியும்? இரண்டு பக்கத்திலேயே கால் மரத்துப்போகும், எழுந்துவிடுவோம். நமக்கும் வசதியாக இருந்தால்தான் "இன்னொரு கதை" என்று பிள்ளை கேட்கும்போது சரி என்று சொல்ல மனம் வரும்.

விளக்குத் தோரணம் பார்க்க அழகு, படிக்க வெளிச்சம் போதாது. அது பொத்தான் பேட்டரியில் எரிவதாக இருந்தால், பேட்டரி மூடி திருகாணி போட்டு முடுக்கியதா என்று இன்றே பாருங்கள். சின்னக் குழந்தை அந்தப் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் அந்தத் தோரணத்தை அடியோடு எடுத்துவிடுங்கள்.

கேள்வி: வாடகை வீடு. சுவரில் ஆணி அடிக்க அனுமதி இல்லை. அலமாரி வாங்கலாமா?

உயரமான அலமாரி வேண்டாம். குழந்தைகள் அதில் ஏணி போல ஏறுவார்கள். சுவரோடு பிணைக்காத அலமாரி அப்படியே அவர்கள் மேல் சாய்ந்துவிடும். பிள்ளையின் நெஞ்சு உயரத்துக்கு மேல் போகாத, அடி அகலமான தட்டு எடுங்கள், கனமான புத்தகங்களைக் கீழ்த் தட்டில் வையுங்கள். முதுகு மட்டும் தெரியும்படி நெருக்கி அடுக்காமல், அட்டைப் படம் தெரிகிற மாதிரி எட்டுப் பத்துப் புத்தகங்களைச் சாய்த்து வைத்தால் போதும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத குழந்தை படத்தைப் பார்த்துத்தான் புத்தகத்தை அடையாளம் கண்டுகொள்ளும். மீதியைப் பெட்டியில் வைத்து அவ்வப்போது மாற்றுங்கள். ஈரம் ஊறும் வெளிச்சுவரும், நேர் வெயில் விழும் ஜன்னலும் வேண்டாம். ஒன்று பூஞ்சையைக் கொண்டுவரும், மற்றது அட்டையை வெளுக்க வைக்கும்.

கேள்வி: படுத்துக்கொண்டு படித்தால் கண் கெட்டுவிடும் என்கிறார்கள். எப்படிப்பட்ட விளக்கு வைக்கலாம்?

மங்கலான வெளிச்சத்தில் படித்தால் கண் களைத்துப்போகும், நிரந்தரமாகக் கெட்டுவிடாது. படுத்துப் படிப்பதில் தொல்லை என்னவென்றால், புத்தகம் மெல்ல மெல்ல மூக்குக்கு அருகே வந்துவிடும். கண்ணுக்கும் பக்கத்துக்கும் நடுவே ஓர் அடியாவது இருக்கட்டும். இடையிடையே ஜன்னல் வழியாகத் தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். தினமும் பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாடுவது கிட்டப்பார்வை வருவதைத் தள்ளிப்போட உதவும் என்பதால், வாசிப்பு நேரத்துக்காக விளையாட்டு நேரத்தைக் குறைக்காதீர்கள்.

விளக்கின் அட்டையில் 2700 அல்லது 3000 கெல்வின் என்று போட்டிருந்தால் இதமான மஞ்சள் ஒளி. அதைக் குழந்தையின் தோளுக்குப் பின்னால், சற்று மேலே வையுங்கள். பிறகு நீங்களே மெத்தையில் உட்கார்ந்து, தலையைக் குழந்தையின் உயரத்துக்குத் தாழ்த்தி, வழவழப்பான தாள் உள்ள படப் புத்தகம் ஒன்றைத் திறந்து பாருங்கள். பக்கத்தின் மேல் வெள்ளையாக ஒரு பளபளப்பு விழுந்து எழுத்தை மறைத்தால், அது மறையும்வரை விளக்கை நகர்த்துங்கள். நின்றபடி பார்த்தால் இது தெரியவே தெரியாது.

கேள்வி: நான்கு வயதுப் பேரன் புத்தகங்களைக் கிழித்துவிடுகிறான். கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்து, கேட்கும்போது எடுத்துக் கொடுக்கலாமா?

வேண்டாம் ஐயா. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் முதலாவதே 'நூல்கள் பயன்படுத்துவதற்கே' என்பதுதான். ஒரு காலத்தில் ஐரோப்பிய நூலகங்களில் புத்தகங்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தார்கள். அந்த மனப்பான்மை நம் வீட்டுக்குள் வரக்கூடாது.

பேரன் எப்படிப் புத்தகத்தை எடுக்கிறான் என்று ஒரு முறை அருகில் இருந்து பாருங்கள். நெருக்கி அடுக்கிய வரிசையில், புத்தக முதுகின் உச்சியில் ஆள்காட்டி விரலை மாட்டி இழுப்பான். அங்கேதான் முதல் கிழிசல் விழும். இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாக வைத்தால் பாதிச் சேதம் குறைந்துவிடும். கிழிந்த தாளில் சாதாரண செல்லோ டேப் ஒட்டாதீர்கள். நாளடைவில் மஞ்சளாகி, பசை கசிந்து அடுத்த பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். மெல்லிய தாளும் மாவுப் பசையும் எடுத்து, அவனையும் பக்கத்தில் உட்கார வைத்து ஒட்டுங்கள். மடிப்புத் தாள்களும் தூக்கிப் பார்க்கும் சாளரங்களும் உள்ள விலை உயர்ந்த புத்தகங்களை மட்டும் மேலே வைத்து, உங்கள் மடியில் உட்கார்ந்து பார்க்கப் பழக்குங்கள்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தைக்கு இதெல்லாம் சீக்கிரமோ?

இல்லை. அவளுக்கு உங்கள் மடிதான் மூலை. கெட்டி அட்டைப் புத்தகம் கொடுங்கள். வாயில் வைப்பாள், துடைத்துக்கொள்ளலாம். பீன் பேக், பெரிய தலையணைக் குவியலில் மட்டும் குழந்தையைப் படுக்க வைக்காதீர்கள். முகம் புதைந்தால் மூச்சு முட்டும்.

கேள்வி: பத்து வயது மகள் எங்களோடு உட்காராமல் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறாள். வருத்தமாக இருக்கிறது.

வருத்தப்படாதீர்கள் சகோதரி. தனியாக, மௌனமாக, ஒரே மூச்சில் படிக்கும் வயது அது. கதவு சாத்தியே இருக்கட்டும், தட்டிவிட்டு உள்ளே போங்கள். கட்டிலிலிருந்தே அணைக்க வசதியாக விளக்கின் சுவிட்ச் இருக்கட்டும், கைபேசி மட்டும் இரவில் வெளியே சார்ஜ் ஆகட்டும். கூடத்து மெத்தையை மட்டும் இப்போதே எடுத்துவிடாதீர்கள். காய்ச்சல் வந்த நாளில் ஆறு வயதில் படித்த படப் புத்தகத்தைத் தேடிக்கொண்டு வருவாள். பெரிய பிள்ளைகள் அப்படி வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.