தீ கக்குமா சீன டிராகன்?

கேள்வி: சீனப் புராணங்களைத் தழுவி ஒரு மாயப் புனைவு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். மலைக்குகையில் பொற்குவியலைக் காத்துக் கிடக்கும் டிராகன்தான் வில்லன். தீ கக்கி ஊரை எரிக்கிறது. படித்துப் பார்த்த நண்பர், "இது சீன டிராகனே இல்லை" என்கிறார். பாதி எழுதியாயிற்று, மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: நண்பர் சொல்வது சரிதான். அதற்காக வில்லனையே தூக்கிப்போட வேண்டாம். தீயையும் குகையையும் எடுத்துவிடுங்கள், போதும்.

நீங்கள் எழுதியிருப்பது ஐரோப்பியக் கதைகளின் டிராகன். சீனத்து 'லோங்' தண்ணீரைச் சேர்ந்தது. பெரும்பாலும் இறக்கை கிடையாது, ஆனாலும் பறக்கும். மழை அதன் பொறுப்பு. (பௌத்த நூல்களைச் சீனத்தில் மொழிபெயர்த்தவர்கள் 'நாகம்' என்ற சொல்லுக்கு 'லோங்' என்றே எழுதினார்கள். நமக்கு அவ்வளவு அந்நியமில்லை.)

'பொறுப்பு' என்பதை ஆபீஸ் அர்த்தத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள். சீன வானுலகம் ஓர் அரசாங்கம். மேலே ஜேட் பேரரசர், கீழே துறைதுறையாகத் தேவர்கள். அடுப்படித் தெய்வம்கூட வருடக் கடைசியில் மேலே போய் வீட்டாரைப் பற்றி அறிக்கை கொடுக்கும். வாயைத் திறக்காமலிருக்க ஒட்டும் மிட்டாய் படைத்து அனுப்புவார்கள்!

'மேற்கு நோக்கிய பயணம்' என்ற பழைய சீன நாவலில் (கிடைத்துள்ள பழைய முழுப் பதிப்பு 1592) ஜிங் ஆற்று டிராகன் அரசனின் கதை வருகிறது. சாங்கான் நகரத்து ஜோசியர் ஒருவர், நாளைக்கு எத்தனை மணிக்கு, எவ்வளவு மழை என்று சொல்லிவிடுகிறார்: 3 அடி, 3 அங்குலம், 48 துளி. மழையை விடுபவனே நான்தானே என்று டிராகன் பந்தயம் கட்டுகிறது. வீடு திரும்பினால் மேலிடத்து உத்தரவு வருகிறது, அதே அளவு! தோற்கக்கூடாதென்று நேரத்தைத் தள்ளிப்போட்டு, 3 அங்குலமும் 8 துளியும் குறைத்துவிடுகிறது. தண்டனை, தலை போகும். வெட்ட வேண்டியவர் தாங் பேரரசர் தைசோங்கின் அமைச்சர் வெய் ஜெங். டிராகன் கெஞ்சியதால், வெட்டப் போகவிடாமல் பேரரசர் அவரைக் கூப்பிட்டு ஆட்டப் பலகை முன் உட்காரவைக்கிறார். ஆட்டத்தின் நடுவே அமைச்சர் கண்ணயர்கிறார். களைப்பு போலிருக்கிறது என்று பேரரசரும் எழுப்பவில்லை. கனவிலேயே போய் வெட்டிவிட்டு வருகிறார் மனிதர்.

மூன்று அங்குலம் எட்டுத் துளிக்கு ஒரு தலை. உங்கள் வில்லனுக்கு வேண்டியது இந்த மாதிரிச் சிக்கல். பொன்னைக் காப்பதற்குப் பதில் மழையைப் பதுக்கட்டும், கணக்கைத் திருத்தட்டும். ஊர் எரிய வேண்டியதில்லை, வயல் காய்ந்தாலே கதை நகரும். எழுதிய பாதியில் பெரும்பகுதி தப்பிக்கும் என்றே நினைக்கிறேன்.

பெயர் வைக்கும்போது குடும்பப் பெயர் முன்னால் வரவேண்டும். அந்த நாவலில் நான்கு கடல்களின் டிராகன் அரசர்களுக்கும் 'ஆவ்' என்பது பொதுவான குடும்பப் பெயர். கிழக்குக் கடலுக்கு ஆவ் குவாங்.

நெருப்புச் சாயல் கட்டாயம் வேண்டுமென்றால், 'மலை கடல் நூல்' என்ற பழைய தொகுப்பில் ஜூலோங் இருக்கிறது, 'தீவட்டி டிராகன்'. மனித முகம், சிவந்த பாம்புடல். கண் திறந்தால் பகல், மூடினால் இரவு. அது எதையும் எரிக்கவே வேண்டாம், ஒருநாள் கண்ணைத் திறக்க மறுத்தால் போதும்.