நின்றுகொண்டே பார்க்கும் ஆட்டம்

அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகக் கால்பந்து அணியைப் பற்றி வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் விடையளிக்கிறோம். இங்கே கால்பந்து என்று குறிப்பிடுவது, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுகிற அமெரிக்கக் கால்பந்தையே.

கேள்வி: என் மகன் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்குச் சேர்ந்திருக்கிறான். கல்லூரி அணியின் ஆட்டத்துக்குப் போனவன், மூன்றரை மணி நேரமும் நின்றுகொண்டே பார்த்ததாகச் சொன்னான். மாணவர் பகுதியில் ஒருவர்கூட உட்காரவில்லையாம். காசு கொடுத்து டிக்கெட் வாங்கிய பிறகும் ஏன் நிற்கிறார்கள்?
— வாசகி, திருச்சி

பதில்: நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாணவர் நின்றார் என்பதற்காகத்தான் உங்கள் மகனும் நின்றிருக்கிறார்.

1922 ஜனவரி 2 அன்று டல்லாஸ் நகரில் ஏ அண்ட் எம் அணி, கென்டக்கி மாநிலத்தின் சென்டர் கல்லூரி அணியோடு மோதியது. சென்டர் சிறிய கல்லூரிதான் என்றாலும், அந்தப் பருவத்தில் ஹார்வர்டையே 6–0 என்று வீழ்த்தியிருந்ததால், எதிராளிகள் அஞ்சும் அணியாக விளங்கியது. ஆட்டம் சூடேற ஏற, ஏ அண்ட் எம் ஆட்டக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக அடிபட்டு வெளியேறினர். மாற்று ஆட்கள் தீர்ந்துபோகும் நிலை வந்தது. அப்போது பயிற்சியாளர் டானா பைபிளுக்கு ஈ. கிங் கில் என்ற மாணவரின் நினைவு வந்தது. அந்தப் பருவத்தில் கால்பந்து அணியில் இருந்துவிட்டு, பருவம் முடிந்ததும் கூடைப்பந்து அணிக்குப் போய்விட்ட கில், அன்று பத்திரிகையாளர் மாடத்தில் அமர்ந்து, மைதானத்தில் ஆடுபவர் யார் யார் என்று நிருபருக்கு அடையாளம் சொல்லிக்கொண்டிருந்தார். அழைப்பு வந்ததும் இறங்கி வந்து, பார்வையாளர் இருக்கைகளுக்கு அடியில், அடிபட்டு வெளியேறிய ஆட்டக்காரர் ஒருவரின் உடையை வாங்கி அணிந்துகொண்டு, எல்லைக் கோட்டின் ஓரத்தில் போய் நின்றார். ஆட்டம் 22–14 என்ற கணக்கில் ஏ அண்ட் எம் வெற்றியோடு முடிந்தபோது, ஓரத்தில் எஞ்சியிருந்த ஒரே மாற்று ஆள் அவர்தான்.

அவரைக் கடைசிவரை ஆட்டத்தில் இறக்கவில்லை என்பதுதான் இதில் சுவையான செய்தி. கடைசி நொடியில் இறங்கி வெற்றிப் புள்ளியை எடுத்தார் என்றிருந்தால், அது ஆயிரம் விளையாட்டுக் கதைகளில் ஒன்றாக மறைந்திருக்கும். வெறுமனே ஆயத்தமாக நின்ற ஒருவருக்கு மைதானத்துக்கு வெளியே சிலை வைத்திருக்கிறார்கள். அணியில் ஆடுவோர் பதினொருவர். தேவைப்பட்டால் இறங்கத் தயார் என்று நிற்கும் மாணவர் கூட்டம் முழுவதும் ‘பன்னிரண்டாவது ஆள்’. கிரிக்கெட்டில் தண்ணீர் கொண்டுபோகும் பன்னிரண்டாவது ஆளைக் கேலியாகப் பார்த்தே பழகிய நமக்கு, அதே பெயரை ஒரு பல்கலைக்கழகமே விருதைப் போல அணிந்திருப்பது வியப்பாக இருக்கலாம்.

1983-ல் பயிற்சியாளர் ஜாக்கி ஷெரில், உதவித்தொகை பெறாத சாதாரண மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, தொடக்க உதையின்போது களமிறங்கும் ஒரு தனிக் குழுவையே அமைத்தார். பிற்காலத்தில் அந்தக் குழு சுருங்கி, அத்தகைய மாணவர் ஒருவர் மட்டும் 12ஆம் எண் சட்டையில் ஆடும் வழக்கமாக நிலைத்தது.

கேள்வி: சியாட்டில் நகர அணியின் ரசிகர்களும் தங்களைப் ‘பன்னிரண்டாவது ஆள்’ என்றுதானே சொல்லிக்கொள்கிறார்கள்? அப்படியானால் யார் யாரிடமிருந்து எடுத்துக்கொண்டது?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: சட்டப்படி உரிமையாளர் ஏ அண்ட் எம். அந்தத் தொடரை அது 1990-ல் வணிகக் குறியாகப் பதிவு செய்தது. தொழில்முறை அணியான சியாட்டில் சீஹாக்ஸ் அதைப் பயன்படுத்தியதற்காக 2006-ல் வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டில் சமரசம் ஏற்பட்டு, சீஹாக்ஸ் பணம் செலுத்தி உரிமம் பெற்றுக்கொண்டது.

ஆனால் சொல்லின் பிறப்பு வேறு. கில் களத்தோரத்தில் நிற்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1900-ல், மினசோட்டா பல்கலைக்கழக இதழ் ஒன்று ஆரவாரம் செய்யும் ரசிகரைப் பன்னிரண்டாவது ஆள் என்று எழுதியிருக்கிறது. கில் கதையும் நிகழ்ந்த மறுநாளே மரபாகிவிடவில்லை. 1939-ல் முன்னாள் மாணவர் சங்கத்தைச் சேர்ந்தவர் அதை வானொலி நாடகமாக ஆக்கிய பிறகே அது பரவலாக வேரூன்றியது. மரபுகள் பெரும்பாலும் இப்படித்தான் உருவாகின்றன: நிகழ்ச்சி ஒரு காலத்தில், அதன் பொருள் வேறொரு காலத்தில்.

கேள்வி: காணொளிகளில் வெள்ளை உடை அணிந்த இளைஞர்கள் சைகை காட்ட, ஆயிரக்கணக்கானோர் குனிந்து நின்று ஒரே குரலில் முழங்குகிறார்கள். ஆடல் மங்கையரைக் காணோம். இசைக்குழுவோ படை அணிவகுப்பைப் போல நடக்கிறது. ஏன் இந்த ராணுவத் தோற்றம்?
— கல்லூரி ஆசிரியர், திருநெல்வேலி

பதில்: அடிப்படையில் அது ராணுவக் கல்லூரியாக இருந்ததுதான் காரணம். 1876-ல் வேளாண்மைக்கும் இயந்திரவியலுக்குமான கல்லூரியாகத் திறக்கப்பட்டது. ஏ, எம் என்ற எழுத்துகள் அவ்விரு துறைகளையும் குறித்தன. மாணவர்களுக்கு ‘ஆகீஸ்’ என்ற பெயரும் வேளாண்மையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கம்தான். நெடுங்காலம் ஆண்கள் மட்டுமே, அதுவும் கேடட் படையில் சேர்ந்தே படிக்க வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப் போரில் இங்கு படித்தவர்களில் 20,000க்கும் மேற்பட்டோர் பணியாற்றினர். 1963-ல் பெண்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். 1965-ல் கேடட் படையில் சேருவது விருப்பத்துக்கு விடப்பட்டது. இன்று 70,000க்கும் மேற்பட்ட மாணவர்களில் கேடட்கள் சிறு பகுதியினர் என்றாலும், ஆட்டநாளின் நடைமுறை முழுவதும் அவர்கள் விட்டுச்சென்ற அச்சில்தான் இயங்குகிறது.

நீங்கள் பார்த்த வெள்ளுடை இளைஞர்களுக்கு முழக்கத் தலைவர்கள் என்று பெயர். ஐந்து பேர், மாணவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். எந்த முழக்கத்துக்கு எந்தக் கை அசைவு என்பது புதிதாகச் சேருவோருக்கு முதல் வாரத்திலேயே பாடமாகிவிடும். உள்ளூர் ஆட்டத்துக்கு முந்தைய நள்ளிரவில் மைதானத்தில் கூடி முழக்கங்களை ஒத்திகை பார்ப்பது 1932-ல் தொடங்கிய வழக்கம். மாணவர்கள் சிலர் அனுமதி கேட்டபோது, இப்படியொரு கூட்டத்துக்கு இசைவு தர எங்களுக்கு அதிகாரமில்லை, ஆனால் நள்ளிரவில் ஒய்.எம்.சி.ஏ. கட்டடப் படிகளில் நாங்கள் தற்செயலாக வந்து நிற்கக்கூடும் என்று அன்றைய தலைவர்கள் சொன்னார்களாம். விடுதி வாழ்க்கை அறிந்த எவருக்கும் இந்தச் சாமர்த்தியம் பழக்கமானதே.

எதிரணியைப் பார்த்துக் கூச்சலிட்டு இகழ்வது அங்கே முறையல்ல. அதிருப்தி என்றால் சீறல் ஒலி மட்டும் எழுப்புவார்கள். தோற்றுப்போனால் கலைந்து போகாமல், அங்கேயே நின்று அடுத்த ஆட்டத்துக்கு முழக்கப் பயிற்சியைத் தொடங்கிவிடுவார்கள். நாங்கள் தோற்கவில்லை, நேரம்தான் முடிந்துவிட்டது என்பது அவர்களிடையே வழங்கும் பேச்சு.

கேள்வி: இவ்வளவு ஆரவாரத்துக்கு ஈடாக அந்த அணி வெற்றிகளைக் குவித்திருக்கிறதா?
— வாசகர், மதுரை

பதில்: உண்மையைச் சொன்னால், இல்லை. 1894-ல் ஆடத் தொடங்கிய ஆண்டிலேயே டெக்சாஸ் பல்கலைக்கழகத்திடம் 38–0 என்று தோற்றது. தோல்வியே காணாமல் தேசிய சாம்பியன் பட்டம் பெற்ற 1939ஆம் ஆண்டுதான் அதன் உச்சம். சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பையை 1957-ல் ஜான் டேவிட் குரோவும் 2012-ல் ஜானி மான்சியலும் பெற்றார்கள். முதலாண்டு ஆட்டக்காரராக இருந்தே அதை வென்ற முதல் ஆள் மான்சியல். 1954-ல் பயிற்சியாளராக வந்த பேர் பிரையண்ட், ஜங்ஷன் என்ற வறண்ட சிற்றூரில், கொளுத்தும் வெயிலில், தண்ணீர் குடிக்கவும் இடைவேளை தராமல் பத்து நாள் பயிற்சி முகாம் நடத்தினார். ஏறக்குறைய நூறு பேர் போய் முப்பத்தைந்து பேர் அளவில்தான் எஞ்சினார்கள். அந்த ஆண்டு அணி ஓர் ஆட்டத்தில் மட்டுமே வென்றது. 1956-லோ தோல்வியே காணவில்லை. இதை வீரக் கதையாகச் சொல்லும் வழக்கம் உண்டு. என் பார்வையில் அது பொறுப்பற்ற கொடுமை. பின்னால் வந்த வெற்றி அதை நியாயமாக்கிவிடாது.

கேள்வி: அந்தப் பல்கலைக்கழகத்தில் விறகு மலை சரிந்து மாணவர்கள் இறந்ததாகப் படித்த நினைவு. ஒரு கால்பந்து ஆட்டத்துக்கும் விறகுக்கும் என்ன தொடர்பு?
— கட்டடப் பொறியாளர், சேலம்

பதில்: டெக்சாஸ் பல்கலைக்கழகத்துடனான ஆண்டு ஆட்டம் ஏ அண்ட் எம் மாணவர்களுக்கு உயிர்மூச்சு. அதற்கு முன்னதாகப் பெருந்தீ மூட்டி, எதிரணியை வெல்லும் வேட்கையை வெளிக்காட்டுவது 1909 முதல் வளாகத்தில் நடந்துவந்தது. தொடக்கத்தில் அது பழைய பெட்டிகளும் குப்பை மரமும் குவித்த சாதாரணச் சொக்கப்பனைதான். 1935-ல் விவசாயி ஒருவர், தம் கொட்டகையையே மாணவர்கள் பிரித்து எடுத்துப்போய்விட்டதாகப் புகார் செய்தார். மறு ஆண்டிலிருந்து, முறைப்படி வெட்டிக்கொள்ள மரங்களுக்குக் கல்லூரியே ஏற்பாடு செய்தது. மாணவர்கள் தாங்களே கோடரி எடுத்துக் காட்டுக்குப் போய் வெட்டி, தோளில் சுமந்து வந்து, மரத்தண்டுகளைச் செங்குத்தாக அடுக்கடுக்காக நிறுத்தினார்கள். உயரம் ஆண்டுக்கு ஆண்டு ஏறி, 1969-ல் 109 அடியைத் தொட்டது. அதன் பிறகு 55 அடிக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு விதித்தார்கள். இடையில் 1963-ல் மட்டும், அதிபர் கென்னடி கொல்லப்பட்டதால், அடுக்கி முடித்ததைக் கொளுத்தாமல் பிரித்துவிட்டார்கள்.

1999 நவம்பர் 18, அதிகாலை 2.42 மணி. ஏறத்தாழ 5,000 தண்டுகள் கொண்டு 59 அடி உயரத்துக்கு எழுந்திருந்த அடுக்கு, பலர் அதன்மேல் வேலை செய்துகொண்டிருந்தபோதே சரிந்தது. 12 பேர் இறந்தார்கள். 27 பேர் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் ஒருவர் முன்னாள் மாணவர், மற்ற அனைவரும் படித்துக்கொண்டிருந்தவர்கள்.

நீங்கள் பொறியாளர் என்பதால் காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். இரண்டாம் அடுக்கின் தண்டுகள் முதல் அடுக்கின் தண்டுகளுக்கு இடையே ஆப்பு அடித்ததைப் போல இறங்கியிருந்தன. அதனால் முதல் அடுக்கு வெளிப்புறமாகத் தள்ளப்பட்டது. அந்த அழுத்தத்தைத் தாங்கி இறுக்கிப் பிடிக்கும் வலிமை, சுற்றிக் கட்டியிருந்த கம்பிகளுக்கு இல்லை. முந்தைய ஆண்டுகளில் கட்டிய எஃகு வடமும் அந்த ஆண்டு இல்லை. விசாரணைக் குழு 2000-ல் தந்த அறிக்கை இதோடு நின்றுவிடவில்லை. இத்தனை பெரிய கட்டுமானத்துக்கு எழுதப்பட்ட வடிவமைப்பும் தேர்ந்தவர்களின் பரிசோதனையும் இல்லாமல், மூத்த மாணவர் இளைய மாணவருக்கு வாய்மொழியாகச் சொல்லிக்கொடுத்தே காலம் ஓடியிருந்தது என்பதையும் அது சுட்டிக்காட்டியது. பொறியியலுக்குப் பேர்போன பல்கலைக்கழகத்தின் நடுவிலேயே இது நடந்தது என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத செய்தி. ‘போன வருஷம் நின்றது, இந்த வருஷமும் நிற்கும்’ என்பதைத் தவிர வேறு கணக்கு அங்கே இருக்கவில்லை.

எட்டு நாள் கழித்து அதே டெக்சாஸ் அணியோடு ஆட்டம் நடந்தது. தீ மூட்ட வேண்டிய இரவில் மெழுகுவத்தி ஏந்தி நின்றார்கள். இடைவேளையில் டெக்சாஸ் பல்கலைக்கழக இசைக்குழு தொப்பிகளைக் கழற்றி அஞ்சலி இசைத்தது; நூற்றாண்டுப் பகை அந்தச் சில நிமிடங்களுக்கு அடங்கிப்போனது. ஏ அண்ட் எம் 20–16 என்று வென்றது. 2004-ல், அடுக்கு சரிந்த இடத்திலேயே வட்டமான நினைவிடம் எழுப்பினார்கள். இறந்த பன்னிருவருக்கும் பன்னிரண்டு வாயில்கள். ஒவ்வொன்றும் அவரவர் சொந்த ஊர் இருக்கும் திசையை நோக்கியிருக்கிறது. வாயில்களை இணைக்கும் வட்டத்தில் உள்ள 27 கற்கள் காயமடைந்தவர்களுக்கானவை.

வளாகத்தில் அதன் பிறகு தீ மூட்டப்படவில்லை. பல்கலைக்கழகத்துக்குத் தொடர்பில்லாமல் வெளியே மாணவர்கள் நடத்திவருகிறார்கள். ஏ அண்ட் எம் வேறு போட்டிக் கூட்டமைப்புக்கு மாறியதால், 2011-க்குப் பிறகு டெக்சாஸுடனான ஆட்டமும் நின்றுபோயிருந்தது. 2024-ல் டெக்சாஸும் அதே கூட்டமைப்பில் சேர்ந்ததால் ஆட்டம் மீண்டபோது, தீயையும் வளாகத்துக்குத் திரும்பக் கொண்டுவரலாமா என்ற பேச்சு எழுந்தது. வேண்டாம் என்று பல்கலைக்கழகத் தலைவர் அறிவித்தார். சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆட்டத்தில் டெக்சாஸ் 17–7 என்று வென்றது.

கேள்வி: மகனைப் பார்க்கப் போகும்போது ஒரு ஆட்டத்துக்கும் அழைத்துப்போவதாகச் சொல்கிறான். நான் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதேனும் உண்டா?
— முதல் கேள்வி கேட்ட அதே திருச்சி வாசகி

பதில்: ஆட்டப் பருவம் ஆகஸ்ட் கடைசியிலிருந்து நவம்பர் கடைசி வரை. செப்டம்பர் வெயில் திருச்சி வெயிலுக்குச் சளைத்ததல்ல என்பதால், அக்டோபருக்குப் பிறகு போவது நல்லது. மைதானத்தின் பெயர் கைல் ஃபீல்டு. 1,02,733 பேர் அமரலாம். மெரூன் நிறத்தில் ஒரு புடவை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், அதுதான் அணியின் நிறம். கல்லூரிப் பாட்டின் முடிவில் பக்கத்தில் நிற்பவர்கள் உங்கள் தோளில் கைபோட்டு இடமும் வலமுமாக ஆடுவார்கள், கூச்சப்படாமல் சேர்ந்துகொள்ளுங்கள்.

அங்கே ரெவெய்லி என்ற நாயைப் பார்ப்பீர்கள். 1931-ல் மாணவர்களின் காரில் அடிபட்ட தெருநாய் ஒன்றை விடுதிக்குத் தூக்கிவந்தார்கள். மறுநாள் காலை எக்காளம் ஊதியபோது அது குரைத்ததால், அந்தத் துயிலெழுப்பும் இசையின் பெயரையே அதற்கு வைத்தார்கள். இப்போதிருப்பது பத்தாவது ரெவெய்லி, கோலி இனத்தைச் சேர்ந்தது. கேடட் படையில் அதற்கே மிக உயர்ந்த பதவி. தோளில் ஐந்து வைரக் குறிகள். மாணவர்கள் அதை ‘மேடம்’ என்றுதான் விளிக்க வேண்டும். வகுப்பில் அது குரைத்தால் பாடம் முடிந்தது என்று பொருள் கொள்ளும் வழக்கமும் உண்டு.

இறந்த ரெவெய்லிகளின் கல்லறைகள் மைதானத்தின் வடக்கு வாயிலருகே உள்ளன. அவை உள்ளேயிருக்கும் புள்ளிப் பலகையைப் பார்த்தபடி அமைக்கப்பட்டவை. மைதானத்தை விரிவாக்கியபோது புதிய கட்டுமானம் அந்தப் பார்வையை மறைத்துவிட்டதால், நாய்கள் ஆட்ட நிலவரம் தெரியாமல் தவிக்கக்கூடாதென்று, கல்லறைகளுக்கு எதிரே சிறிய புள்ளிப் பலகை ஒன்றைத் தனியாக மாட்டியிருக்கிறார்கள். மகன் உள்ளே அழைத்துப்போகும் முன் அதைக் காட்டச் சொல்லுங்கள்.