பிளாக்அவுட் ஸ்கிரீன் போட்டும் வெளிச்சம் வருவது ஏன்?

கேள்வி: பெருந்துறையில் குடியிருக்கிறோம். வீட்டுக்காரருக்கு ஸ்பின்னிங் மில்லில் நைட் ஷிஃப்ட். பகலில் தூங்குவதற்காக ஈரோட்டில் ‘பிளாக்அவுட்’ என்று லேபிள் ஒட்டிய ஸ்கிரீன் வாங்கி மாட்டினோம். அப்படியும் அறை வெளிச்சமாகத்தான் இருக்கிறது. கடையில் கேட்டால், “டிம்அவுட், ரூம் டார்க்கனிங், பிளாக்அவுட் எல்லாம் ஒண்ணுதானுங்க” என்கிறார்கள். உண்மையா?

பதில்: இல்லைங்க, அவை ஒன்றல்ல. பிளாக்அவுட் என்றால் துணி வழியாக வெளிச்சம் துளியும் ஊடுருவக் கூடாது. மேடை நாடகத்தில் விளக்கை மொத்தமாக அணைப்பதற்கு அந்தப் பெயர் உண்டு. 1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது, விமானத்திலிருந்து பார்த்தால் ஊர் தெரியக் கூடாது என்று பிரிட்டனில் வீட்டு ஜன்னல்களை எல்லாம் கனமான துணியால் மூடச் சொன்னார்கள். அதற்கும் இதே பெயர்தான். டிம்அவுட், ரூம் டார்க்கனிங் இரண்டும் ‘மங்கலாக்கும்’ என்ற அளவுக்கே வாக்குக் கொடுக்கின்றன. கடைகளில் மூன்றையும் கலந்து பேசுவதால், லேபிளை விட்டுவிட்டுத் துணியைப் பார்ப்பதே நல்லது.

டிம்அவுட் துணியில் கோட்டிங் இருக்காது. நெய்யும்போதே நடுவில் கறுப்பு நூலைக் கொடுத்து, மேலும் கீழும் வண்ண நூலால் மூடிவிடுவார்கள். வெட்டிய ஓரத்தில் நாலு இழை பிரித்தால் கறுப்பு நூல் கையில் வரும். எவ்வளவு நெருக்கமாக நெய்தாலும் இழைக்கு இழை சிறு இடைவெளி இருக்கும். அதனால் வெயில் நேராக அடிக்கும் ஜன்னலில் துணியே லேசாக ஒளிரும். வெளிர் நிறமாக இருந்தால் இன்னும் கூடுதலாகத் தெரியும்.

முழு பிளாக்அவுட்டுக்குப் பெரும்பாலும் துணியின் பின்பக்கம் நுரைப் பூச்சு கொடுத்திருப்பார்கள். கறுப்பு ஒரு பூச்சு, அதன் மேல் வெள்ளை ஒரு பூச்சு என்றால் டூ பாஸ். வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று மூன்றும் இருந்தால் த்ரீ பாஸ். வெளிர் நிறத் துணிக்கு த்ரீ பாஸ் கேளுங்கள். டூ பாஸில் உள்ளே இருக்கும் கறுப்பு முன்பக்கம் சாம்பல் பூத்த மாதிரி தெரியலாம். “நல்ல ஜிஎஸ்எம் இருக்கு” என்று கடைக்காரர் சொல்வது ஒரு சதுர மீட்டர் துணியின் எடையைத்தான். எடைக்கும் வெளிச்சத்தை மறைப்பதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. மொபைல் டார்ச்சைத் துணியின் பின்னால் ஒட்டிப் பிடியுங்கள். வெளிச்சப் புள்ளி தெரிந்தால் அது பிளாக்அவுட் இல்லை. வாங்கும் முன்பே கடையில் இதைச் செய்து பார்க்கலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

ஆனால் துணியை மட்டும் மாற்றிவிட்டால் அறை இருட்டாகிவிடாது. என்னிடம் இந்தக் குறை சொல்லி வருகிற வீடுகளில் பாதி வெளிச்சம் ஓரங்கள் வழியாகத்தான் வருகிறது. ஐலெட் வளையம் வைத்த ஸ்கிரீனில் ராடுக்கு மேலே அலை அலையாக இடைவெளி நிற்கும். ராடு சுவரை விட்டு மூன்று, நான்கு அங்குலம் தள்ளி இருப்பதால் இரண்டு பக்கமும் வெயில் நுழையும். நான்கடி ஜன்னலுக்கு ராடு ஐந்தடியாவது இருக்கட்டும். ஜன்னலுக்கு மேலே அரையடி ஏற்றி அடியுங்கள். துணி அகலம் ராடைப் போல இரண்டு மடங்கு வேண்டும். கடையில் கிடைக்கும் நான்கடி அகல ஸ்கிரீன் ஒன்றை மாட்டினால், இழுத்துப் பரப்பியதும் மடிப்பே இல்லாமல் ஓரம் திறந்துகொள்ளும். அப்புறம், பக்கவாட்டு ஓரங்களில் வெல்க்ரோ தைத்துச் சுவரோடு ஒட்டிவிடுங்கள். பார்க்க அழகாக இருக்காதுதான். ஆனால் இரவெல்லாம் நின்று வேலை பார்த்துவிட்டு வருகிற மனிதருக்கு அழகைவிடத் தூக்கம் முக்கியம். தூக்கத்துக்குத் துணை செய்யும் மெலடோனின் சுரப்பை வெளிச்சம் குறைத்துவிடும். ஜன்னலுக்கு மேலே வென்டிலேட்டர் கண்ணாடி இருந்தால் அதையும் பாருங்கள். பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

இப்போது மாட்டியிருப்பதைத் தூக்கிப் போட வேண்டாம். டார்ச் வைத்துப் பார்த்து வெளிச்சம் தெரிந்தால், த்ரீ பாஸ் துணியை லைனிங்காக வாங்கி, பின்னால் தனி ராடில் தொங்கவிடுங்கள். வெள்ளைப் பக்கம் ஜன்னலைப் பார்த்து இருக்கட்டும். மேற்கு வெயிலின் சூடும் கொஞ்சம் குறையும். லைனிங்கில் ஊசி போன இடமெல்லாம் பொட்டு வெளிச்சம் தெரியும் என்பதால் நடுவில் தையல் வராதபடி அகலத் துணியாகக் கேளுங்கள். துவைக்கும்போது முறுக்கிப் பிழிய வேண்டாம், பூச்சுப் பக்கம் இஸ்திரிப் பெட்டி படவே கூடாது. பூச்சு உரிந்துவிட்டால் அதைச் சரி செய்ய வழியில்லை.