பேஸ் அதிர்ந்தால் இசைத்தட்டில் பழுதா?

கேள்வி: ஸ்டீல் பல்ஸ் குழுவின் ‘ஹேண்ட்ஸ்வொர்த் ரெவல்யூஷன்’ வினைல் மறுவெளியீடு வாங்கினேன். வால்யூமைக் கூட்டினால் பேஸ் (தாழ்ந்த ஒலி) ‘கும்’மென்று ஊளையிடுகிறது. மாற்றித் தரச் சொல்லலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். இங்கிலாந்தின் பர்மிங்காமைச் சேர்ந்த இந்த ரெகே குழுவின் 1978 ஆல்பத்தில் பாட்டைச் சுமந்து போவதே பேஸ் கிடாரும் கிக் டிரம்மும்தான். ஸ்பீக்கரின் அதிர்வு அலமாரி வழியாக ஊசிக்கு ஏறி, பெருகி, மறுபடி ஸ்பீக்கருக்கே போகிறது. மெல்லிசை கேட்கும்போது இது தெரியாது. ரெகே காட்டிக் கொடுத்துவிடும்.

சோதிப்பது எளிது. டர்ன்டேபிள் சுழலாதபோது ஊசியை இசைத்தட்டின் மேல் இறக்குங்கள். வழக்கமான அளவுக்கு வால்யூமை மெல்ல ஏற்றி, அலமாரியை விரலால் சுண்டுங்கள். ஸ்பீக்கரில் ‘தொம்’ என்று கேட்டு, அடங்க நேரமானால் காரணம் இதுவே. ஓசை வளர ஆரம்பித்தால் உடனே வால்யூமைக் குறையுங்கள்.

முதல் வேலையாக ஸ்பீக்கரையும் டர்ன்டேபிளையும் தனித்தனி மேடையில் வையுங்கள். டர்ன்டேபிளை அறையின் மூலையில் வைக்க வேண்டாம், பேஸ் அங்கேதான் குவியும். பாடும்போது மேல்மூடியைக் கழற்றிவிடுங்கள். ஆம்ப்ளிஃபையரில் சப்சானிக் ஃபில்டர் (காதுக்கு எட்டாத மிகத் தாழ்ந்த அதிர்வை வெட்டுவது) இருந்தால் போடுங்கள். ரப்பர் பாதங்கள் வாங்குவதெல்லாம் பிறகு.

கேள்வி: பக்கத்தின் கடைசிப் பாட்டில் மட்டும் ‘ஸ்’ ஓசை கரகரக்கிறதே?

பதில்: ஒரு சுற்றுக்கு எங்கும் 1.8 விநாடிதான். ஆனால் கடைசிப் பாட்டு இருக்கும் உள்வட்டத்தின் சுற்றளவு வெளிவட்டத்தில் பாதிகூட இல்லை; அதே நேரத்து ஒலி அங்கே நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறது. ஊசி பொருத்திய கார்ட்ரிட்ஜ் சற்றுக் கோணினாலும் ஊசி தடுமாறும். அளவுத்தாள் வைத்து நேராக்குங்கள். ஊசி அழுத்தம் 1.5 முதல் 2 கிராம் வரை என்று தயாரிப்பாளர் சொன்னால் 1.8 கிராமுக்கு மேலேயே வையுங்கள். குறைத்தால் தட்டுக்கு நல்லது என்பது தவறான நம்பிக்கை. பிடிப்பில்லாத ஊசி பள்ளத்தின் சுவரில் மோதித்தான் தேய்க்கும்.

கேள்வி: நீண்ட ஆர்கன் ஸ்வரம் ஏறி இறங்கி ஆடுகிறது.

பதில்: 1.8 விநாடிக்கு ஒருமுறை ஆடினால், ஊசியைத் தாங்கும் டோன் ஆர்ம் பக்கவாட்டில் ஊசலாடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் நடுத்துளை விலகியிருக்கிறது. இது அச்சுக் குறை, தாராளமாகத் திருப்பிக் கொடுக்கலாம்.

கேள்வி: பழைய கடையில் கிடைக்கும் இந்த ஆல்பம் முதல் அச்சா என்று எப்படித் தெரியும்?

பதில்: ஐ.எல்.பி.எஸ். 9502 என்ற பட்டியல் எண்ணை மட்டும் நம்பாதீர்கள்; மறுஅச்சிலும் அது வரலாம். உறையில் பார்கோடு இருந்தால் அது 1978 அச்சு அல்ல. லேபிளை ஒட்டிய வெற்று வளையத்தில் பொறித்த எழுத்துகளைச் சாய்ந்த வெளிச்சத்தில் படித்து, முதல் அச்சின் பொறிப்போடு ஒப்பிடுங்கள்.